கம்பி வழியாகப் போன சுரங்கம்

முசோலே செப்புச் சுரங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பாதிரியார் பிரசங்கத்தை முடிப்பதற்குள், சுண்டுவிரலைவிட மெலிந்த ஒரு கம்பிக்குள் நுழைந்து ஊரைவிட்டுப் போய்விட்டது. கிரேன்கள் போயின. உருக்காலையின் புகைபோக்கி படுத்தவாக்கில் போனது. பூமிக்கடியில் ஓடிக்கொண்டிருந்த குட்டி ரயில் பெட்டி பெட்டியாகப் போனது. கடைசியாக மேலாளரின் நாய் போனது. அதன் வால் மட்டும் கொஞ்ச நேரம் வெளியே ஆடிக்கொண்டிருந்தது. கம்பி சூடாகி வீங்கியதை இக்னேஷியஸ் கலோப்வே தொட்டே பார்த்தார்.

இதைச் சொல்லிவிட்டு அவர் வலது கைச் சுட்டுவிரலை நீட்டுவார். அதில் ஒரு பழைய தழும்பு உண்டு.

"பாத்துக்கோ. வால் பட்ட இடம்."

கொம்பே அம்மாவின் பீர்க்கடையில் எழும் சிரிப்பு கூரைத் தகரத்தைத் தூக்கிப் போடும். அட்டைப்பெட்டிச் சோள பீரைக் குலுக்கிக்கொண்டிருப்பவர்கள் குலுக்குவதை நிறுத்திவிடுவார்கள். சிரித்து முடித்ததும் எல்லாத் தலைகளும் சுவரோர பெஞ்சுப் பக்கம் திரும்பும். வேலையே இல்லாத ஊரிலும் தினம் இஸ்திரி போட்ட கோட்டோடு அங்கே உட்கார்ந்திருப்பவர் லேமெக் ஜேரே. சுரங்கம் இருந்த காலத்தில் தொழிற்சங்கச் செயலாளர்.

"பொய்," என்பார் ஜேரே.

கலோப்வே பெம்பா இனம். ஜேரே ங்கோனி இனம். இரண்டு கூட்டத்தின் பாட்டன்மாரும் ஒருவரையொருவர் ஈட்டியால் குத்திக் குத்தி ஓய்ந்துபோய், இனி வாயால் மட்டும் குத்திக்கொள்வோம் என்று முடிவு செய்தார்களாம். அன்றிலிருந்து மாமன் மச்சான் உறவு. மச்சான் மச்சானை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். சாவு வீட்டில் பிணத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு 'எந்திரிடா சோம்பேறி' என்றுகூடச் சொல்லலாம். கோபப்படுவது ஒன்றுதான் கூடாது. கோபப்பட்டவன் ஒரு கோழியைக் கொண்டுபோய்க் கொடுத்துத் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். மச்சான் சொல்வதை நம்புகிற வழக்கமும் கிடையாது. பெம்பா குரங்கு தின்பான், ங்கோனி எலி தின்பான் என்பது இரண்டு பக்கத்துப் பழைய கிண்டல்.

"குரங்குக் கறி தின்னா இப்படித்தான். பேச்சும் மரத்துக்கு மரம் தாவும்," என்பார் ஜேரே, கோட்டில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டே.

"நீ அன்னைக்கு என்ன தின்ன மச்சான்? என் பக்கத்து நாற்காலியில உக்காந்து, வறுத்த எலிய வால்ல புடிச்சுத் தலையிலேருந்து கடிச்சது யாரு?"

"நான் எலி தின்னதே இல்ல. எங்க அப்பா பள்ளிக்கூட வாத்தியார். எங்க வீட்ல மாட்டுக்கறிதான்."

"உங்க அப்பா போர்டுல எலிப் படம் போட்டுத்தான்யா எழுத்துப் பழக்கினாரு. படத்தப் பாத்ததும் பிள்ளைங்களுக்கு எச்சில் ஊறி, ஒரே மாசத்துல எல்லாம் படிச்சிருச்சுங்க."

"பொய்."

"ரெண்டு பேரும் உங்க கறிய வெளிய வெச்சுட்டு உள்ள வாங்க," என்பாள் கொம்பே அம்மா. "என் கடையில கோழி மட்டுந்தான்."

சுரங்கத்தில் கலோப்வே பார்த்தது கம்பி வேலை. அலுவலகங்களை இணைத்த கணினிக் கம்பிகள், உருக்காலை மேட்டிலிருந்த கோபுரம், அங்கிருந்து கிட்வே நகரத்துக்கும் அதற்கு அப்பால் உலகத்துக்கும் போன இணைப்பு எல்லாம் அவர் பொறுப்பு. அந்தக் கோபுரம் எவ்வளவு உயரம் என்றால், ஒருமுறை அவர் உச்சியில் சிவப்பு விளக்கு மாட்டிக்கொண்டிருந்தபோது தலைநகர் லுசாகாவுக்குப் போன விமானத்தின் ஓட்டுநர் சன்னலைத் திறந்து கையாட்டினார். ஒரு மழைநாளில் அதே உச்சியில் மின்னலை வாளியில் பிடித்து மூடி வைத்தார். மாதக்கணக்கில் அவர் வீட்டு விளக்கு அதில்தான் எரிந்தது. இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த செய்திகள். ஊர் நம்பியதில்லை, கேட்காமல் இருந்ததுமில்லை.

அவர் கூட்டாமல் குறைக்காமல் பேசிய பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு பெட்டி. ரொட்டிப் பொட்டலம் அளவு இருக்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு அலுவலகத்தின் கம்பியையும் அது கேட்கும்: எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது. கேட்டதைப் படமாக வரைந்து திரையில் காட்டும். உள்ளே வருவது பச்சை மேடு. வெளியே போவது நீலக் கோடு. சம்பள நாளில் மேடு குன்றாகும். நாட்டு அணி பந்தாட்டம் ஆடும்போது எல்லாரும் தொலைக்காட்சி முன்னால் போய்விட, மேடு வயல்வரப்பாகிவிடும். பாறை சரிந்து தொழிலாளி ஒருவர் செத்த நாளில் மொத்தப் படமும் தலை குனிந்து நின்றதை அவர் பார்த்திருக்கிறார்.

"இதுக்கு வயிறு ரொம்பவே ரொம்பாது," என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். "எத்தன வருஷம் ஓடினாலும் இதே அளவுதான். புதுசு வர வர பழசைக் கசக்கி ஓரமா வெச்சுக்கும். இந்த வாரம்னா நிமிஷக் கணக்குல சொல்லும். கொஞ்சம் பழசானா மணிக்கு ஒரு எண். இன்னும் பழசானா நாளுக்கு ஒண்ணு. ரொம்பப் பழசானா மாசம் பூராவுக்கும் ஒரே ஒரு எண், சராசரி. ஒருத்தன் ஒரு நாள் விருந்து தின்னு மாசம் பூரா பட்டினி கெடந்தான்னு வை. இது என்ன எழுதிக்கும் தெரியுமா? தினம் ஒரு வாய் தின்னான்னு எழுதிக்கும்."

உச்சம் எவ்வளவு என்பதையும் சேர்த்து வைக்கப் பெட்டிக்குத் தெரியும். ஆனால் உச்சம் தெரிந்தால் மாத அறிக்கை அசிங்கமாக இருக்கிறது என்று மேலாளர் அதை அணைக்கச் சொல்லிவிட்டார். அதனால் சராசரி மட்டுந்தான். கலோப்வே தொட்டதெல்லாம் வளரும், பெட்டி தொட்டதெல்லாம் தட்டையாகும். இரண்டும் ஒரே அறையில் பல ஆண்டுகள் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்தின.

அந்த ஞாயிறு அக்டோபரில் வந்தது. அக்டோபர் வெயிலில் முசோலேயின் கறையான் புற்றுகள்கூட வியர்க்கும். ஊரில் மின்வெட்டு. ஜெனரேட்டர் போட்டுக் குளிரூட்டியிருந்த ஒரே இடம் கலோப்வேயின் கம்பி அறைதான். கோயிலுக்குப் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிய ஜேரே, செய்தித்தாளில் மடித்த ஒரு பொட்டலத்தோடு அங்கே வந்து நாற்காலியைக் குளிர்காற்றுக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டார். பொட்டலத்தில் என்ன இருந்தது என்பதை மணமே சொன்னது.

அப்போதுதான் நீலக் கோடு எழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் கோடு அது. அன்று நெட்டுக்குத்தாக எழுந்து படத்தின் மேல் விளிம்பை முட்டி, இறங்காமல் நின்றது. வருவது ஒன்றுமில்லை, எல்லாம் போவதுதான். எந்தக் கம்பி என்று கலோப்வே பார்த்தார். கணக்கு அறை, நில அளவை அறை. இரண்டும் வெள்ளிக்கிழமை மாலையே பூட்டப்பட்டவை. கணினிகள் மட்டும் அன்று ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தன. யாரோ தூரத்திலிருந்து அந்த அறைகளின் கணினிகளைத் துடைத்து வழித்துக் கடல் கடந்த தலைமை அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான், இங்க பாரு. உன் கம்பெனி பெட்டி கட்டுது."

"கட்டட்டும். உன் குரங்கையும் அதுல வெச்சு அனுப்பிடு," என்றார் ஜேரே, மென்றுகொண்டே.

"சுரங்கத்தோட வரைபடம் பூரா போகுது. கணக்கு பூரா போகுது. வீட்டக் காலி பண்றவன்தான் இப்படி ஒண்ணு விடாம எடுப்பான். இந்த வாரம் மேலாளரோட கூட்டத்துல நம்ம குடியிருக்கிற வீட்டுப் பட்டாவ வாங்காம விட்டுராத. அவன் வாக்க நம்பாத."

ஜேரே திரையைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மச்சான் சொன்னால் சிரிக்கத்தானே வேண்டும். படம் எடுத்து வைக்க வேண்டும் என்று கலோப்வேக்குத் தோன்றவில்லை. வாழ்நாள் முழுக்க அவர் சொன்ன எதற்கும் சாட்சி தேவைப்பட்டதில்லை.

அந்த வாரமே கூட்டம் நடந்தது. தொழிலாளர்கள் கேட்டது ஒன்றுதான்: குடியிருக்கும் கம்பெனி வீடுகளை உடனே எங்கள் பேருக்கு எழுதுங்கள். மேலாளர் நெஞ்சில் கை வைத்து, இந்தச் சுரங்கம் உங்கள் பேரன் காலத்திலும் ஓடும், வீடுகளை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றார். எல்லாரும் சங்கச் செயலாளர் முகத்தைப் பார்த்தார்கள். ஜேரே எழுந்தார்.

"நம்பலாம்," என்றார்.

மழைக்காலம் முடிவதற்குள் சுரங்க வாசலில் சங்கிலி விழுந்தது. செம்பு விலை சரிந்துவிட்டது, முந்தின நாள் மாலைவரை எங்களுக்கே தெரியாது என்றது கம்பெனி.

சங்கிலி விழுந்த அன்று ஆளாளுக்குக் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவன் கதவைக் கழற்றினான். ஒருவன் மேலாளரின் சுழல் நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தான். கலோப்வே பெட்டியைச் சட்டையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சோள மாவு மூட்டைக்குப் பக்கத்தில் வைத்து, கூரையிலிருந்த சூரியத் தகட்டிலிருந்து மின்சாரம் கொடுத்தார். பச்சை விளக்கு சிமிட்டியது. அணைக்க மனம் வரவில்லை. சுரங்கத்தில் உயிரோடு மிஞ்சியது அது ஒன்றுதான்.

மூன்று மழைக்காலம் போயிற்று. வீடுகளை வாங்கிய புது முதலாளி எல்லாரையும் காலி செய்யச் சொல்லி ஆள் அனுப்பினான். கலோப்வேக்கு அந்த வீட்டைவிட்டால் நிடோலாவில் மகள் வீட்டுச் சாமான் அறைதான். கொம்பே அம்மாவின் கடையும் கம்பெனி வீட்டு முன்னறையில்தான் இருந்தது. ஜேரேயின் கோட்டு மாட்டிய ஆணியும் கம்பெனிச் சுவரில்தான். ஊரே கூடி கிட்வேயிலிருந்து இனோங்கே என்ற வழக்கறிஞரைக் கூட்டிவந்தது. இளம் பெண். சிரிக்கமாட்டாள். லோசி இனத்துக்காரி, பெம்பாவுக்கும் ங்கோனிக்கும் மச்சானில்லை.

"ஒரே ஒரு வழி இருக்கு," என்றாள் அவள், பீர்க்கடை பெஞ்சில் உட்கார்ந்து. "பேரன் காலம் வரைக்கும் ஓடும்னு மேலாளர் வாக்குக் குடுத்தாரே, அந்த நாளுக்கு முன்னாடியே மூடறதுன்னு முடிவு பண்ணிட்டாங்கன்னு காட்டணும். காட்டிட்டா அந்த வாக்கு மோசடி. வீடுங்க உங்களுக்கே. முன்னாடியே தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"கலோப்வேய கேளுங்கம்மா," என்றான் ஒருவன். "சுரங்கம் பறந்து போனத அவர்தான் பாத்தாரு. நாயோட."

கடை சிரித்தது. இனோங்கே சிரிக்கவில்லை.

"பெரியவரே, என்ன பாத்தீங்க?"

அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் அதுவரை கேட்டதில்லை. கலோப்வே நாயை எடுத்துவிட்டுச் சொன்னார். பிறகு, பெட்டி வீட்டில் இருக்கிறது என்றார். அதற்கு எல்லா வருடமும் ஞாபகம் இருக்கும் என்றார்.

அன்று பிற்பகல் அவர் வீட்டில் இடமில்லை. சன்னல் கம்பிகளில் முகங்கள் தொங்கின. ஜேரே வாசற்படியில் நின்றார். கலோப்வே கல்யாண மாப்பிள்ளை மாதிரி சட்டை மாற்றிக்கொண்டு, கடன் வாங்கிய திரையைப் பெட்டியோடு இணைத்தார்.

"இப்போ பாருங்க. கோபுரம் மாதிரி நிக்கும். கண்ணு கூசும், கொஞ்சம் தள்ளி நின்னுக்கங்க."

படம் வந்தது. வலது பக்கம் மூன்று ஆண்டுகள், தரையோடு ஒட்டிய ஒரு கோடு. இடது ஓரத்தில் சுரங்கம் உயிரோடிருந்த காலம், மாதத்துக்கு ஒரு புள்ளியாக, தேய்ந்த சீப்புப் பற்கள் போல. அவர் அக்டோபரைத் தேடினார். இருந்தது. செப்டம்பருக்கும் நவம்பருக்கும் நடுவில், இரண்டையும்விடக் குட்டையாக. அந்த மாதம் முழுக்க மின்வெட்டு. ஆகவே சராசரி குறைவு.

மற்றவர்களுக்கு முன்னால் கலோப்வேக்குப் புரிந்தது. சங்கிலி விழுந்த அன்று பெட்டியை அணைத்து மூட்டையில் போட்டிருந்தால் அந்த அக்டோபர் நாள் நாளாக அப்படியே இருந்திருக்கும். தூங்குகிற ஞாயிறு ஒன்று மட்டும் தலை தூக்கி நின்றிருக்கும். அவர் அணைக்கவில்லை. மூன்று வருடமாகப் பெட்டி சில நிமிடங்களுக்கு ஒருமுறை செத்துப்போன கம்பிகளைக் கேட்டுக்கொண்டே இருந்தது: எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது. பதிலில்லை. பூஜ்யம் என்று எழுதிக்கொண்டது. அந்தப் பூஜ்யங்களை வைக்க இடம் வேண்டியிருந்தது. இடத்துக்காகப் பழசைக் கசக்கியது. ஒன்றுமில்லாததைப் பத்திரப்படுத்துவதற்காக அந்த ஒரே காலையை அரைத்துத் தீர்த்துவிட்டது, அவர் கூரையின் வெயிலையே தின்றுகொண்டு.

"அணைச்சு வெச்சிருக்கணும்மா," என்றார் இனோங்கேயிடம் மெதுவாக. "பாசத்துல ஓட விட்டுட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை. "அப்போ அங்க வேற யாரும் இருந்தாங்களா?"

கலோப்வே வாசற்படியைப் பார்த்தார். படி காலியாக இருந்தது.

மறுநாள் காலை அவர் ஜேரேயின் வீட்டுக்குப் போனார். ஜேரே முற்றத்தில் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"மச்சான், இன்னைக்கு விளையாட்டு வேண்டாம். நீ பாத்தத சொல்லு. அது போதும். உன் வீடும் சேத்துத்தான்."

"என்ன பாத்தேன்? குரங்கு டைப் அடிச்சதையா?"

"லேமெக்."

"பேரச் சொல்லிக் கூப்பிடறியே, உடம்பு சரியில்லையா? மரப்பட்டைக் கஷாயம் போடச் சொல்லவா? உங்காளுங்களுக்கு மரத்துலேருந்து எது வந்தாலும் ஒத்துக்குமே."

கலோப்வே அங்கேயே நின்றார். ஜேரே இஸ்திரிப் பெட்டியை ஒரே இடத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். துணி கருகும் வாடை வந்தது. ஆமாம் என்று சொன்னால் ஊர் அடுத்து என்ன கேட்கும் என்பது இருவருக்கும் தெரியும். பார்த்துவிட்டுமா எழுந்து 'நம்பலாம்' என்றாய்? அந்த ஒரு கேள்விக்கு முன்னால் நிற்பதைவிட வீட்டை இழப்பது லேசு என்று அந்த மனிதர் எடைபோட்டுவிட்டார்.

"நீ ஒரு கோழை," என்றார் கலோப்வே. குரல் உயர்ந்துவிட்டது. "உன் சிரிப்புக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு, ஊரையே தெருவுல விடற."

பக்கத்து வீட்டுப் பெண்கள் துணி அலசுவதை நிறுத்தினார்கள். ஜேரே நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"மச்சான் கோபப்பட்டுட்டான். எனக்குக் கோழி வரணும்."

மாலையில் கலோப்வே கோழியைக் கொண்டுபோனார். வழக்கம் வழக்கந்தான். செம்மண் நிறக் கோழி, முட்டையிடுகிறது, அவரிடமிருந்தது அது ஒன்றுதான். ஜேரே அதை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விசாரணை பழைய சுரங்க கிளப் கட்டடத்தில் நடந்தது. அதிகாரி கிட்வேயிலிருந்து வந்திருந்தார். "நாய் வேண்டாம். புகைபோக்கி வேண்டாம். நடந்தது மட்டும்," என்று இனோங்கே காலையிலிருந்து சொல்லி வைத்திருந்தாள். கலோப்வே எழுந்து நின்று, கையை ஆட்டாமல், கண்ணை உருட்டாமல், நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு ஒல்லியாக எதையும் சொன்னதில்லை.

கேட்டவர்களுக்கு அது பிடிக்கவில்லை. "இது அவர் பேச்சு மாதிரியே இல்லையே," என்று பின்வரிசையில் கிசுகிசுத்தார்கள். "யாரோ எழுதிக் குடுத்துருக்காங்க." இத்தனை வருடமாக நாயோடு சேர்த்துக் கேட்டவர்களுக்கு நாயில்லாத உண்மை கலப்படமாகத் தெரிந்தது.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குண்டாக, சாந்தமாக இருந்தார். ஊரில் யாரிடமோ நன்றாக விசாரித்துவிட்டு வந்திருந்தார்.

"ஐயா, கோபுரத்து மேல நீங்க இருந்தப்போ ஒரு விமானி உங்களப் பாத்துக் கையாட்டினாராமே. உண்மையா?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். இனோங்கே கண்ணால் கெஞ்சினாள். அந்தக் கதையில் அவருக்கு முப்பது வயது, சிவப்பு விளக்கு கையில், கீழே ஊர் முழுக்க விளக்குகள் எரிகின்றன. அதை எப்படிப் பொய் என்பது?

"சன்னலத் தொறந்துதான் ஆட்டினாரு," என்றார்.

கிளப் கட்டடம் குலுங்கியது. அதிகாரிகூட உதட்டைக் கடித்துக்கொண்டார். குண்டு வழக்கறிஞர் மட்டும் சிரிக்காமல் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். கலோப்வே கக்கத்தில் இடுக்கி வந்த அதே பெட்டிதான். திரையில் அக்டோபர் தெரிந்தது.

"உங்க சொந்தப் பெட்டிதானே ஐயா? இது பொய் சொல்லுமா?"

"சொல்லாது."

"அக்டோபர்தான் அந்த வருஷத்துலயே அமைதியான மாசம்னு சொல்லுதே."

இதற்குப் பதில் இருந்தது. சராசரி, மின்வெட்டு, விருந்து, பட்டினி எல்லாவற்றையும் சேர்த்து அவர் சொல்லித்தான் பார்த்தார். அதிகாரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

கடைசியாக ஜேரேயைக் கூப்பிட்டாள் இனோங்கே. அவர் கோட்டின் முதுகில் இஸ்திரிப் பெட்டி வடிவத்தில் கருகிய தடம் இருந்தது.

"அந்த ஞாயிறு நீங்க கம்பி அறையில இருந்தீங்களா?"

"கோயில்ல இருந்தேன்." முன்வரிசையில் அவர் மனைவி தலையாட்டினாள்.

"கலோப்வே சொன்னது?"

"பொய்."

"ஒரு நிமிஷம். இத நீங்க மச்சானா சொல்றீங்களா, சாட்சியா சொல்றீங்களா?"

அப்படி ஒரு கேள்வியை அந்த ஊரில் பிறந்த யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஜேரே கலோப்வேயைப் பார்த்தார். கலோப்வே பார்வையை விலக்கவில்லை. கிண்டலுக்காக ஏதாவது ஒரு வார்த்தை, குரங்கு என்றோ மரம் என்றோ வந்தால் போதும், அதிகாரிக்குச் சந்தேகமாவது வரும் என்று அவர் காத்திருந்தார்.

"சாட்சியா," என்றார் ஜேரே.

தீர்ப்பு வந்தபோது மாமரங்களில் பூ வந்திருந்தது. மாதக் கடைசிக்குள் வீடுகளைக் காலி செய்ய வேண்டும். பெட்டியை மட்டும் திருப்பித் தந்தார்கள்.

பீர்க்கடையில் அதற்குப் பிறகு கலோப்வே சுரங்கம் போன கதையைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. கொம்பே அம்மா பெஞ்சுகளை அடுக்கிக் கட்டிக்கொண்டு தன் தங்கை ஊருக்குப் போனாள். போகும்போது, "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் அந்த மனுஷன்," என்றாள். எந்த மனுஷன் என்று கலோப்வே கேட்கவில்லை. அவர் பெட்டியை அணைத்து வைத்திருந்தார். இனி அணைத்து என்ன.

கடைசி வாரம் அவருக்கு லாரி வந்தது. டிரைவர் சோல்வேசிப் பக்கத்து ஆள், முசோலேக்கு முதல்முறை. கட்டில், சோள மாவு மூட்டை, சூரியத் தகடு, அடுப்பு. ஏற்றி முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தெருவின் இரண்டு பக்கமும் கதவில்லாத வீடுகளைப் பார்த்து டிரைவர் தலையைச் சொறிந்தான்.

"என்ன பெருசு, ஊரே காலியா கெடக்கு? என்னதான் ஆச்சு இங்க?"

கலோப்வே கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தார். ஆனால் கேட்டவன் புதியவன், வாயைத் திறந்துகொண்டு நிற்கிறான். கயிற்றை விட்டார்.

"ஒரு ஞாயித்துக்கெழம, பாதிரியார் பிரசங்கம் முடிக்கறதுக்குள்ள, இந்தச் சுரங்கம் இதோ, இந்தத் தண்டி கம்பியில பூந்து போயிருச்சு தம்பி. கிரேன் போச்சு. புகைபோக்கி படுத்துக்கிட்டே போச்சு. அந்தா தெரியுதே மேடு, அதுக்குப் பக்கத்துல இன்னும் ரெண்டு மேடு இருந்துச்சு, அதுவும் போச்சு. கடைசியில மேலாளரோட நாய்."

"நாயா?"

"வால் மட்டும் வெளிய ஆடிக்கிட்டு இருந்துச்சு."

டிரைவர் சக்கரத்தைத் தட்டிச் சிரித்தான். "காலையிலேருந்து எத்தன பொட்டி பீரு பெருசு?" சிரித்துக்கொண்டே தெருவைத் திரும்பிப் பார்த்தான். எதிர்ப்பக்கத்திலிருந்து கருகிய கோட்டோடு ஒருவர் நடந்து வந்துகொண்டிருந்தார். கக்கத்தில் செம்மண் நிறத்தில் ஒரு கோழி.

ஜேரே லாரிக்குப் பின்னால் வந்து, கோழியின் காலைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினார். வாங்கிய கோழியைத் திருப்பிக் கொடுத்த மச்சானைப் பற்றி யாரும் கேள்விப்பட்டதில்லை. கலோப்வே கோழியைப் பார்த்தார், கட்டுகிற விரல்களைப் பார்த்தார்.

"ஐயா, நீங்க இந்த ஊர்தானே?" என்றான் டிரைவர். "இவர் விடற கதையக் கேட்டீங்களா? சுரங்கம் கம்பி வழியா ஓடிப்போச்சாம்."

ஜேரே முடிச்சை இறுக்கினார். ஒருமுறை அவிழ்த்து மறுபடியும் இறுக்கினார்.

"நாயப் பத்தி எனக்குத் தெரியாது," என்றார். "மத்தது நடந்துச்சு. நானும் பாத்தேன். பக்கத்து நாற்காலியில உக்காந்து எலி தின்னுக்கிட்டிருந்தேன்."